கஜானியின்ரை கையிலை இருந்த திறப்பு

இல்லை மிஸ், சனிக்கிழமை நாடகத்துக்குக் கஜானியை அனுப்பேலாது. நீங்கள் இவ்வளவு தூரம் வெய்யிலுக்குள்ளாலை ஸ்கூட்டி ஓடி வந்திருக்கிறியள், எனக்கு விளங்குது. அதுக்காண்டி இப்ப ஓம் எண்டு சொல்லிப்போட்டு, அண்டைக்குக் காலமை பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு போன் எடுக்கிறதிலும் பாக்க, முகத்துக்கு நேரை சொல்லுறது நல்லதெல்லே. இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், ஒரு கால் ஆட்டம். மற்றதிலை இருங்கோ.

குசினிக்குப் பின்னாலை கூட்டிக்கொண்டு வந்து இருத்திப்போட்டன் எண்டு குறை நினையாதேங்கோ. முன் விறாந்தையிலை இப்ப வெய்யில் முகத்துக்கு அடிக்கும். இஞ்சை எண்டால் வேப்பமர நிழல். நான் எப்பவும் இஞ்சாலைதான் இருக்கிறனான். உந்த முருங்கையிலையை உருவிக்கொண்டே கதைக்கிறன், இரவுக்குச் சுண்டோணும். அவருக்குப் புட்டோடை உது இல்லாட்டிச் சாப்பாடு இறங்காது. தேத்தண்ணி போடட்டே? வேண்டாமோ. சரி, கொஞ்சத்தாலை போடுறன், குடிக்காமல் போகேலாது. ஐயோ, நீங்கள் ஏன் கையை ஊத்தையாக்கிறியள். விருப்பமெண்டால் அந்தக் கொப்பை எடுங்கோ. நுனியைப் பிடிச்சுக் கீழ்ப்பக்கமா இழுத்தியளெண்டால் இலை தன்ரைபாட்டிலை கழரும்.

கஜானி ரியூசனுக்குப் போட்டாள். அவள் நிண்டிருந்தா நான் உங்களோடை இப்பிடிக் கதைக்கமாட்டன். நாங்கள் தாயும் மகளும் முகம் பாத்துக் கதைச்சே கனநாளாச்சு. உங்கடை நாடகம் வாசிகசாலை மண்டபத்திலை நடந்த அண்டைக்குப் பிறகு, சாப்பாடு வை, ரியூசனுக்குப் போறன், அவ்வளவுதான் கதை. இல்லை மிஸ், உங்களிலை எனக்குக் கோவமில்லை. உண்மையைச் சொன்னால், கோவம்தான். ஏன் பொய் சொல்லுவான். உங்களிலை எப்பன், அவளிலை கனக்க.

ஆனா முதலிலை நன்றி சொல்லோணும், அதைச் சொல்லாமல் நான் வாய் திறந்தா அது நாயமில்லை. பள்ளிக்கூடத்தாலை உங்கடை நாடக வகுப்புக்குப் பிள்ளையளைத் தெரிஞ்செடுத்தவை எண்டு கேள்விப்பட்டு எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமே. கஜானி சின்னனிலை உப்பிடியில்லை. காலமைக் கூட்டத்திலை தேவாரம் பாடுறதெண்டாலும் அவள்தான், பேச்சுப்போட்டி எண்டாலும் அவள்தான். வாய் ஓயாது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாப்போலைதான் என்னவோ நடந்தது. சிரிக்கேக்கை கையாலை வாயைப் பொத்தத் துவங்கினாள். அவளுக்கு முன்பல்லு எப்பன் மிதப்பு, என்னை மாதிரி. இஞ்சை பாருங்கோவன், இதே பல்லு, இதே நிறம், இதே நெத்தி. பிறந்த அண்டைக்கே ஆசுப்பத்திரியிலை நேர்ஸ்மார் சொன்னவை, தாயை உரிச்சு வைச்சிருக்கெண்டு. எனக்கு அண்டைக்குப் பட்ட புளுகம், சந்தோசம் இருக்கே.

பிறகு ஆராவது படம் எடுக்கினம் எண்டால் மற்றப் பிள்ளையளுக்குப் பின்னாலை போய் ஒளிப்பாள். வகுப்பிலை விடை தெரிஞ்சாலும் கை உயர்த்திறேல்லையாம், ரீச்சர் சொல்லி விட்டவ. கலியாண வீடு, கோயில் திருவிழா எண்டால் தேப்பனுக்குப் பின்னாலை மோட்டச்சைக்கிளிலை ஏறிக்கொண்டு திரிஞ்ச பிள்ளை, நான் வரேல்லை எண்டு அறைக்குள்ளை படுத்திடும். தேப்பன் கெஞ்சுவார். அவருக்கு அவள் எண்டால் உயிர், அதையும் நான் சொல்லோணும். ராசாத்தி எண்டுதான் கூப்பிடுவார். இண்டு வரைக்கும் அவளுக்கு ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

நான் சொன்னனானோ எண்டு பாக்கிறியள். பாப்பியள். அண்டைக்கு மண்டபத்திலை இருந்த முழுச்சனமும் அப்பிடித்தானே பாத்தது.

நான் அவளை எப்பிடி வளத்தனான் எண்டு கேளுங்கோ. கனடாவிலை மச்சாள் இருக்கிறா, இவரின்ரை தமக்கை, பத்மாவதி எண்டு. பாசல் அனுப்பேக்கை ஒவ்வொருமுறையும் உடுப்புக்கு நடுவிலை ஒரு வெள்ளையாக்கிற கிறீம் வைச்சு விடுவா. பிள்ளைக்குப் பூசு, இப்பவே பூசினாத்தான் பிறகு கரைச்சல் இல்லை எண்டு போனிலையும் சொல்லுவா. நான் அதை ஒருநாளும் கஜானியின்ரை கண்ணிலை காட்டினதில்லை. எடுத்த கையோடை கொண்டுபோய் வாழைப்பாத்திக்குள்ளை பிதுக்கிவிட்டிடுவன். அந்தா நிக்குது வாழை, பாருங்கோ. இதுவரைக்கும் ஒண்டும் வெளுக்கேல்லை.

சிரிக்காதேங்கோ மிஸ். இல்லை, சிரியுங்கோ, பரவாயில்லை.

ஒவ்வொரு நாளும் காலமை தலை பின்னிவிடேக்கை சொல்லுவன், நீ வடிவு பிள்ளை, உந்தக் கண்ணுக்கு ஆர் கிட்ட நிக்கேலும் எண்டு. முந்தி வெக்கப்பட்டுச் சிரிப்பாள். போன வருசம் ஒருநாள், கண்ணாடிக்குள்ளாலை என்னையே பாத்துக்கொண்டு இருந்தாள். இருந்திட்டு, நான் அப்பிடியே உங்களை மாதிரித்தானேயம்மா எண்டாள். ஓமடி, என்னை மாதிரியேதான் எண்டு நான் சந்தோசமாச் சொன்னன். ரிபன் கட்டி முடியவும் எழும்பிப் போட்டாள். எனக்கு அண்டைக்கு ஒண்டும் விளங்கேல்லை.

உங்கடை வகுப்புக்கு வரத் துவங்கினாப்போலைதான் வீட்டிலை திரும்பவும் சத்தம் கேட்டது. கிணத்தடியிலை பாட்டு. கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு வசனம் சொல்லிப் பாக்கிறது. வாயைப் பொத்தாமல் ஒருக்காச் சிரிச்சவள், நான் கண்டனான், கண்டதைக் காட்டிக்கொள்ளேல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சன், உங்கடை பேரைச் சொல்லி. நீங்கள் குருநகர், வேதக்கார ஆள், மாதா கோயிலுக்குப் போறனீங்கள் எண்டு பிள்ளை சொன்னவள். றொசாந்தி மிஸ் எண்டு சொல்லி உடைச்சன், பிள்ளையார் குறை நினைச்சிருக்கமாட்டார்.

அவள்தான் என்னைக் கூப்பிட்டவள், தெரியுமோ உங்களுக்கு. அம்மா, நீங்கள் கட்டாயம் வந்து பாக்கோணும், வராட்டி நான் நடிக்கமாட்டன் எண்டாள். நான் உப்பிடியான இடங்களுக்குப் போறேல்லை மிஸ். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் எண்டாலும் அவர்தான் போவார். நீங்களே அண்டைக்குத்தானே என்னை முதல்முதல் கண்டனீங்கள். எனக்குச் சனத்துக்கு முன்னாலை நிக்கிறது சரிவராது. இவளின்ரை சாமத்திய வீட்டுக்கும் அப்பிடித்தான். பிள்ளை பெரிசாகி, மச்சாள் கனடாவிலை இருந்து வரட்டும் எண்டு பாத்திருந்து, மண்டபம் எடுத்து, வீடியோ, பூப்பல்லக்கு எண்டு பெரிசாத்தான் செய்தவர். ஆராத்தி மச்சாள்தான் எடுத்தவ. நான் சமையல் பக்கம் நிண்டிட்டன். அங்கையும் ஒரு ஆள் வேணுமெல்லே. அல்பத்திலை தேடினாலும் என்னைக் காணமாட்டியள். ஒரு படத்திலை மட்டும் ஒரு கை தெரியுது, வடைத் தட்டோடை. அது என்ரை கைதான், காப்பைப் பாத்துப் பிடிச்சன்.

ஆனா பிள்ளை வாய்விட்டுக் கேட்டிட்டாள். நான் அலுமாரிக்குள்ளை கிடந்த பச்சைச் சீலையை எடுத்துக் கட்டினன். எப்ப கட்டினதோ தெரியாது, மடிப்பெல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தது. அவர் நேரத்தோடை போட்டார், விளக்கேத்தோணும் எண்டு. கமக்காரர் சங்கத் தலைவர் எல்லே, அவரில்லாமல் இந்த ஊரிலை ஒரு கூட்டமும் நடக்காது. நான் பக்கத்து வீட்டு றஜிதாவோடை ஓட்டோவிலை வந்து கடைசி வரிசையிலை இருந்தன். சும்மா சொல்லக்கூடாது, நான்தான் மேடையிலை ஏறப்போறன் மாதிரிச் சீலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு இருந்தன்.

திரை விலகுது. ஒரு வீடு மாதிரிச் செய்து வைச்சிருந்தியள். ஒரு பிள்ளை மகளா நிண்டு படிக்குது. பேந்து அம்மா எண்டு வந்தது ஆர்? என்ரை பிள்ளை. என்ரை சோட்டியைப் போட்டுக்கொண்டு. நான் வீட்டிலை போட்டுத் திரியிற ஊதாச் சோட்டி, கமக்கட்டுக்குக் கீழை கிழிஞ்சு தைச்சது. அதைக் காணேல்லை எண்டு ரெண்டு நாளாக் கொடியெல்லாம் தேடித் திரிஞ்சனான். தோளிலை என்ரை துவாய். கொண்டையும் என்ரை கொண்டை. சனம் கொல்லெண்டு சிரிச்சுது. நானும் சிரிச்சன் மிஸ். சத்தியமா, அந்த மண்டபத்திலை முதல் சிரிச்சது நானாத்தான் இருக்கும். என்ன கெட்டித்தனம் எண்டு நினைச்சன். என்னை ஆரும் உப்பிடி வடிவாப் பாத்து வைச்சிருந்ததில்லை.

பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

உந்தப் பல்லை மூடு, ஆக்கள் பாக்கினம். அது முதலாவது. அந்த மகளா நிண்ட பிள்ளை கையாலை வாயைப் பொத்துது. உன்னைக் கூட்டிக்கொண்டு சபை சந்திக்குப் போகேலுமே. அது ரெண்டாவது. வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணியைக் குடுத்துப்போட்டு உள்ளுக்குப் போ, முன்னுக்கு நிண்டு பல்லைக் காட்டாதை. அதுக்குப் பிறகு நான் எண்ணேல்லை. சிரிச்சுக்கொண்டு சொல்லுறாள் மிஸ். சத்தமில்லை, பேச்சில்லை, பகிடி விடுறமாதிரிச் சிரிச்சுக்கொண்டு. கையிலை ஒரு திறப்பு, சாவி வளையத்திலை கோத்தது. அதை விரலிலை கொழுவி ஒரு சுத்து, ஒரு வசனம். பேந்து ஒரு சுத்து, ஒரு வசனம்.

சனம் சிரிக்கிறதை விட்டிட்டுது. ஒவ்வொரு தலையாத் திரும்பிப் பின்னுக்குப் பாக்குது. என்னை. றஜிதா என்ரை கையைப் பிடிச்சவள். பிடிச்சிட்டு, கொஞ்சத்தாலை விட்டிட்டாள். பிடிச்சதைவிட அந்த விட்டதுதான் எனக்குச் சுட்டது. அவளுக்கும் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். உப்பிடியான தாய்க்குப் பக்கத்திலையோ இருக்கிறன் எண்டு நினைச்சிருப்பாள்.

பெத்த பிள்ளை என்னைக் கூப்பிட்டு இருத்தி வைச்சு, என்ரை உடுப்பையே போட்டுக்கொண்டு ஊருக்கு முன்னாலை காட்டிக் குடுத்திட்டாள். வேறை என்னெண்டு சொல்லுறது உதை? நீங்கள் சொல்லுங்கோ. கலை எண்டு சொல்லாதேங்கோ.

அவர் என்ன செய்தவரோ. நீங்கள் கண்டனீங்கள்தானே. முன்வரிசையிலை எழும்பி நிண்டு கை தட்டினவர். பேந்து மைக்கைப் பிடிச்சு, பெற்றோராகிய நாங்கள் இண்டைக்கு எங்களைக் கண்ணாடியிலை பாத்திருக்கிறம், இனியாவது பிள்ளையளின்ரை மனசு நோகாமல் கதைக்கோணும் எண்டு பேசினவர். நல்லாப் பேசுவார். நீங்களும் தலையாட்டிக்கொண்டு நிண்டனீங்கள், நான் பாத்தனான்.

வீட்டை வந்தாப்பிறகு கதிரையிலை இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். பிள்ளைக்கு நீ உப்பிடியெல்லாம் சொல்லிறனியோ எண்டு கேட்டார். மெல்லமாத்தான் கேட்டவர். என்ரை ராசாத்தியின்ரை மனசை உடைச்சுப்போட்டியே, நான் வெளியிலை ஊருக்குப் புத்தி சொல்லித் திரியிறன், வீட்டுக்குள்ளை இது நடந்திருக்கு எண்டார். கஜானி அங்கைதான் நிண்டவள், கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு. முகத்திலை பூசின பவுடரும் கழுவேல்லை. நான் அவளைப் பாத்தன். இப்ப சொல்லுவாள், இல்லையப்பா, அம்மா ஒருநாளும் சொன்னதில்லை எண்டு. ஒரு சொல்லுத்தானே. சொல்லுவாள், சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்.

சொல்லேல்லை மிஸ். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். மேடையிலை செய்ததைக் கூடச் சின்னப் பிள்ளை, விளையாட்டுத்தனம் எண்டு விட்டிருப்பன். இதை விடேலாமல் கிடக்கு. ராத்திரியிலை நித்திரை முறிஞ்சா இதுதான் வருது.

விடியத் தலை பின்னேக்கை கேட்டன், ஏன் பிள்ளை நீ பேசாமல் நிண்டனி எண்டு. நீங்களும் பேசாமல்தானேயம்மா நிக்கிறனீங்கள் எண்டாள். அவ்வளவுதான். பாதி பின்னின தலையை என்ரை கையிலை இருந்து பறிச்சுக்கொண்டு போட்டாள். இப்ப தானே பின்னுறாள், ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கும், பாத்திருப்பியள்.

அந்தக் காம்பை எறிஞ்சுபோடுங்கோ, அது முத்தல்.

இப்ப நான் ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லோணும். அந்த வசனங்களை ஆர் எழுதினது? ஓமோ, அவளேதானோ. வீட்டிலை கேக்கிற, மனசை நோகப்பண்ணுற கதையளைக் கொண்டு வாங்கோ எண்டு நீங்கள் எல்லாப் பிள்ளையளையும் கேட்டனீங்கள். சரி. அப்ப அவளைக் கேட்டனீங்களோ, அம்மாவோ உனக்கு உப்பிடிச் சொல்லுறவ எண்டு? தலையாட்டினவளோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ மிஸ், இது எனக்குப் பெரிய காரியம். ஆ. வீட்டிலை கேக்கிறனான் எண்டு மட்டும்தான் அவள் சொன்னவள். அம்மா சொல்லுறவ எண்டு சொல்லேல்லை. உனக்கோ சொல்லுறவை எண்டு நீங்களும் கேக்கேல்லை.

ம்.

நாடகத்திலை அப்பா எண்டு ஒருத்தர் ஏன் இல்லாமல் போனவர்? பொம்பிளைப் பிள்ளையள் மட்டும் எண்டபடியாலோ. மையாலை ஒரு மீசை கீறிவிட்டா முடிஞ்சுதே. போன வருசம் பள்ளிக்கூட நாடகத்திலை ராசாவும் மந்திரியும் எல்லாம் பொம்பிளைப் பிள்ளையள்தானே. நீங்களும் அப்பிடிச் சொன்னனீங்களோ? அவள்தான் வேண்டாம் எண்டவள். அப்பா வேண்டாம் மிஸ், அம்மாவே சொல்லட்டும் எண்டு.

அந்தத் திறப்பு? அது நீங்கள் சொல்லிக் குடுத்ததோ? இல்லையோ. கடைசி ஒத்திகையிலை தானாக் கொண்டு வந்தவள். நல்லாயிருக்கு, வைச்சிரு எண்டு நீங்கள் விட்டிட்டியள்.

எனக்கு மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியாது மிஸ். அது மோட்டச்சைக்கிள் திறப்பு. எனக்கெண்டு ஒரு சைக்கிளும் இல்லை. இந்த வீட்டு அலுமாரித் திறப்புக்கூட என்ரை கையிலை இல்லை. அண்டைக்கு அந்தக் கடைசி வரிசையிலை, எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கேக்கை, நான் அந்தத் திறப்பைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். அது சுத்துற விதம் எனக்குத் தெரியும். என்னைத் தவிர அந்த மண்டபத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியேல்லை, அதுதான் புதினம்.

நீங்கள் இன்னும் என்ரை முகத்தையே பாக்கிறியள். படிச்ச பிள்ளை, உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்.

அந்தக் கதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லுறது. பிள்ளைக்கில்லை. கலியாணம் முடிச்சு வந்த புதுசிலை இருந்து. வெளிக்கிட்டு முன்னுக்கு நிண்டுகொண்டு, திறப்பை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு, சிரிச்சுக்கொண்டு சொல்லுவார். நீ நில், உன்னைக் கூட்டிக்கொண்டு சபை சந்திக்குப் போகேலுமே. ஆக்கள் வந்திருந்தால், தேத்தண்ணியைக் குடுத்துப்போட்டு உள்ளுக்குப் போ. கை நீட்டுறேல்லை மிஸ், குடிக்கிறேல்லை. ஊரிலை ஆரைக் கேட்டாலும், தில்லைநாதன் அண்ணை தங்கமான மனுசன் எண்டுதான் சொல்லுவினம். நானும் பகிடி எண்டு சிரிச்சிட்டு விட்டிடுவன், வாயைப் பொத்திக்கொண்டு. பதில் சொல்லி என்னத்துக்கு. பிள்ளை அறைக்குள்ளை படிக்குது, அவளுக்குக் கேக்காது எண்டு நினைச்சன். கேட்டாலும் அவளுக்கென்ன, அவள் ராசாத்திதானே எண்டு நினைச்சன். அதே பல்லு, அதே நிறம், அதே நெத்தி. அவர் எனக்குச் சொல்லச் சொல்ல, அவள் அங்கை இருந்து தனக்குக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அதையும் நான் வாழைப்பாத்திக்குள்ளை கொண்டுபோய்ப் பிதுக்கியிருக்கோணும் போலை.

அதுதான் என்னைக் கட்டாயம் வா எண்டு கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் காட்டத்தான். அது விளங்குது. ஆனா எனக்கு எந்த வேசத்தைத் தந்தாள், பாத்தியளே. சொன்னவருக்கு முன்வரிசையிலை கதிரை, கேட்டவளுக்குப் பழி. பிள்ளை எண்டாலும் அது துரோகம்தான் மிஸ். எனக்கு அப்பிடித்தான் நோகுது, நான் வேறை மாதிரிச் சொல்லமாட்டன்.

இல்லை, இல்லை, அழேல்லை. நீங்கள் அழாதேங்கோ. இதை ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம், உங்கடை நாடக வகுப்பு நடத்துற கந்தோருக்கு வேண்டாம். எனக்கு ஒண்டும் செய்து தரவும் வேண்டாம். நான் உங்களை மறிச்சு வைச்சு இவ்வளவும் கதைச்சது அதுக்கில்லை.

சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலை நடக்கிறதுக்கும் அவர் வருவார். முன்வரிசையிலைதான் இருப்பார். சங்கத்து ஆக்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டார், என்ரை மகள் நடிக்கிறாள், வாங்கோ எண்டு. முதல்தரம் தன்ரை கதை எண்டு அவருக்கு விளங்கேல்லை. கை தட்டிப்போட்டு வந்திட்டார். அவருக்குப் பக்கத்திலை இருக்கிற ஒருத்தன், என்ன தில்லையண்ணை, உந்தத் திறப்புச் சுத்துறது உங்களை மாதிரியெல்லே கிடக்கு எண்டு ஒரு பகிடி விட்டாக் காணும். அண்டைக்கு இரவு வீட்டை வந்து அவர் சத்தம் போடமாட்டார். அதுதான் எனக்குப் பயம். சிரிப்பார். அவளை ராசாத்தி எண்டு கூப்பிடுற அதே வாயாலை, அவளுக்கும் சொல்லத் துவங்குவார். எனக்குச் சொன்னதைக் கேட்டே பிள்ளை வாயைப் பொத்தினது. தனக்கே சொன்னால் என்ன செய்யும்.

அவளை அனுப்பாமல் விட்டால், ஏன் எண்டு துருவித் துருவிக் கேப்பார். அதுவும் கரைச்சல். அவளுக்கும் அது ஒண்டுதான் இப்ப சந்தோசம், அதையும் நான் பறிக்கேலாது. சரி மிஸ், அனுப்பிறன். இவ்வளவு நேரமும் மாட்டன் மாட்டன் எண்டுபோட்டு இப்ப ஓம் எண்டுறன், விசரி எண்டு நினைப்பியள்.

சோட்டியை அவள் போடட்டும். தோய்ச்சு மடிச்சுத் தந்துவிடுறன், கமக்கட்டுத் தையலையும் வடிவாப் போட்டுவிடுறன். வசனத்திலை ஒரு எழுத்தும் மாத்தவேண்டாம். அம்மாவே சொல்லட்டும். ஊர் என்னைத்தான் நினைக்கும், நினைச்சிட்டுப் போகட்டும். அந்தத் திறப்பை மட்டும் அவளின்ரை கையிலை இருந்து வாங்கிப்போடுங்கோ. ஒரு அகப்பையைக் குடுங்கோ. அம்மா எண்டால் அகப்பைதானே பொருத்தம் எண்டு சொல்லுங்கோ, அவள் நம்புவாள். நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

பொறுங்கோ. படலையடியிலை மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குதே. அவர்தான். இண்டைக்கு நேரத்தோடை வந்திட்டார். எழும்புங்கோ மிஸ், கையைத் துடையுங்கோ, இந்தாங்கோ துவாய். இப்பிடிக் கிணத்தடியாலை சுத்தி முன் விறாந்தைக்குப் போங்கோ, அங்கை இப்ப வெய்யில் தாண்டியிருக்கும். சனிக்கிழமை விசயமா அவரோடை கதைக்க வந்து காத்துக்கொண்டு இருக்கிறமாதிரி இருங்கோ. அவருக்குச் சந்தோசமா இருக்கும். இறங்கி வரேக்கை அவரின்ரை கையைப் பாக்காதேங்கோ.

நான் தேத்தண்ணியைக் கொண்டந்து தந்திட்டு உள்ளுக்குப் போடுவன், குறை நினையாதேங்கோ. உங்களுக்குச் சீனி எவ்வளவு போடுறது?